கத்திரி வெயில் ஊரில் ஹீட் லாம்ப் எதற்கு?

புதுச்சேரியில் இகுவானா என்ற வெளிநாட்டுப் பல்லியை வளர்க்கிறேன், அதன் கூண்டுக்கு ஹீட் லாம்ப் வாங்க வேண்டும் என்று வீட்டில் சொன்னால், பெரியவர்கள் முதலில் கேட்பது இதுதான்: "நம்ம ஊர் வெயிலுக்கு அதுக்குத் தனியா லைட்டு வேறயா?" நியாயமான கேள்வி. வேண்டும் என்பதுதான் பதில். ஆனால் எவ்வளவு வேண்டும், கூண்டில் எந்த இடத்தில் வேண்டும், எந்த மாதத்தில் அணைத்துவைக்க வேண்டும் என்பதற்கு இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் விடை இருக்காது. அவை பெரும்பாலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இருக்கிறவர்கள் எழுதியவை. அங்கே அறையின் வெப்பமே 18, 20 டிகிரிதான். கூண்டு மொத்தத்தையும் சூடாக்கியாக வேண்டும். கடலூரில் தை மாத விடியற்காலையில்கூட வெளியே 20 டிகிரிக்கு அதிகம் கீழே போவது அபூர்வம். வீட்டுக்குள் 24, 25 இருக்கும். மே மாத மதியத்தில் மின்விசிறி ஓடும் அறையிலேயே 34, 35. அவர்கள் சொல்கிற வாட் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து மாட்டினால், கூண்டுக்குள் இருக்கும் உயிருக்கு ஒதுங்க இடமே இருக்காது.

நம் கடலோரத்தில் அந்த விளக்குக்கு ஒரே வேலைதான்: கூண்டுக்குள் ஒரு சின்ன இடத்தை, பகலில் மட்டும், வெயில் போலச் சூடாக்குவது. மற்ற இடமெல்லாம் குளிர்ச்சியாகவே இருக்க வேண்டும். வெப்பத்தைப் பார்த்து விளக்கைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை நாம் வாங்குவது சூடு மிஞ்சிவிடாமல் தடுப்பதற்காக. எந்த பல்பு, எத்தனை வாட், எந்த கன்ட்ரோலர், சென்சாரை எங்கே வைப்பது என்ற எல்லா முடிவும் இதிலிருந்துதான் வரும்.

இது ஏன் என்று புரிய வெளியே எட்டிப் பார்த்தால் போதும். காம்பவுண்டுச் சுவர் ஓணானைக் கவனியுங்கள். காலை ஏழரை, எட்டு மணிக்கு, வெயில் விழும் பக்கமாக வந்து உடம்பைத் தட்டையாக விரித்து முதுகைச் சூரியனுக்குக் காட்டிக்கொண்டு கிடக்கும். அந்த நேரத்தில் அதன் நிறம் சற்றுக் கறுத்திருக்கும். சூடு ஏற ஏற நிறம் வெளுக்கும், தலையைத் தூக்கும், பூச்சி பிடிக்க ஓடும். பத்தரை பதினொன்றுக்கு அதே சுவரில் அதைப் பார்க்க முடியாது. முருங்கை மரத்து நிழல் பக்கம் போயிருக்கும். நம்மைப் போல உள்ளிருந்தே சூட்டை உண்டாக்கிக்கொள்ளும் உடம்பு அதற்கு இல்லை. வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறி நடந்துதான் உடல் வெப்பத்தைத் தனக்குப் பிடித்த அளவில் நிறுத்திக்கொள்கிறது.

1944இல் ரேமண்ட் கவுல்ஸ், சார்லஸ் போகெர்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் கலிபோர்னியாவின் பாலைவனப் பகுதியில் இதைத்தான் அளந்து காட்டினார்கள். பாலைவனத்துப் பல்லிகளும் பாம்புகளும் வெயில் எவ்வளவு அடிக்கிறதோ அவ்வளவையும் ஏற்றுக்கொண்டு கிடப்பவை அல்ல. குறுகிய ஒரு வெப்ப எல்லைக்குள் தம்மை வைத்துக்கொள்ள ஓயாமல் இடம் மாறுகின்றன. நிழலுக்கு ஓடும் வழியை அடைத்துவிட்டால் பாலைவனத்திலேயே பிறந்து வளர்ந்த உயிர்கூட வெயிலில் சீக்கிரமே செத்துப்போகிறது. கண்ணாடித் தொட்டிக்குள் வைத்த பியர்டெட் டிராகன் பல்லிக்கும் இது பொருந்தும். அது ஆஸ்திரேலியப் பாலைவனத்து ஜீவன், வெயில் தாங்கும் என்று நினைத்துத் தொட்டி முழுக்கச் சூடாக்குவது அந்த வழியை அடைப்பதுதான்.

இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெப்பம் வசதிக்கான விஷயம் மட்டும் அல்ல என்பதை அது காட்டுகிறது. 1975இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மேத்யூ க்ளூகரும் உடன் பணியாற்றியவர்களும், பாக்டீரியா ஏற்றப்பட்ட பாலைவன இகுவானாக்களை வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்துப் பார்த்தார்கள். காய்ச்சல் அளவுக்குச் சூடான இடத்தில் இருந்தவை அதிகம் பிழைத்தன. குளிர்ந்த இடத்தில் இருந்தவை அதிகம் இறந்தன. நமக்குக் காய்ச்சல் தானாக வருகிறது. பல்லிக்குக் காய்ச்சல் வர வேண்டுமென்றால் சூடான இடத்தைத் தேடிப் போய் உட்கார வேண்டும். தின்றது செரிப்பதும் அப்படித்தான். வயிறு நிறையத் தின்ற இகுவானாவுக்குக் காய்வதற்குச் சூடான இடம் இல்லையென்றால் உணவு உள்ளேயே தங்கிக் கெட்டுப்போகும். எனவே ஏசி அறையில் 24 டிகிரியில் விளக்கே இல்லாமல் வைத்திருப்பதும் தப்பு. சூட்டையும் குளிர்ச்சியையும் பக்கம் பக்கமாக வைத்து, தேர்ந்தெடுக்கும் உரிமையை அதனிடமே விட்டுவிட வேண்டும்.

சரி, எவ்வளவு சூடு? பியர்டெட் டிராகன் காயும் இடத்தின் மேற்பரப்பு 40 டிகிரியை ஒட்டி இருக்கலாம், குளிர்ந்த பக்கம் 25 முதல் 28. பச்சை இகுவானாவுக்குக் காயும் இடம் 35 முதல் 38, மற்ற இடம் 26 முதல் 29. பால் பைத்தான் (ball python) என்ற ஆப்பிரிக்க மலைப்பாம்புக்குச் சூடான பக்கமே 31 முதல் 33 தான், மறுபக்கம் 25, 26. செங்காது ஆமைக்குத் தண்ணீர் 24 முதல் 27, ஏறிக் காயும் மேடை 32 முதல் 35. இந்த எண்களை நம் ஊர் வானிலையோடு சேர்த்துப் பாருங்கள். சூடான பக்கத்துக்கு நாம் சேர்க்க வேண்டியது வருடத்தின் பெரும்பகுதியில் ஐந்து முதல் பத்து டிகிரிதான். உண்மையான சிக்கல் குளிர்ந்த பக்கத்தில் இருக்கிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரை அந்த 26, 28 டிகிரி நம் அறையிலேயே கிடையாது. பால் பைத்தானுக்கு மே மாதத்தில் முழு வீடும் "சூடான பக்கம்"தான்; பல்பே தேவைப்படாது.

சூடு குறைவதும் கூடுவதும் சமமான ஆபத்துகள் இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். சூடு போதாமல் இருந்தால் விலங்கு மந்தமாகும், சாப்பிடாது, நாள்பட நோய் வரும். கவனித்துச் சரிசெய்ய அவகாசம் இருக்கிறது. உடல் வெப்பம் 40களின் தொடக்கத்தைத் தாண்டினால் பெரும்பாலான ஊர்வனவற்றுக்கு அவகாசமே இல்லை. நீங்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் முடிந்துவிடும்.

இனி பல்புக்கு வருவோம். என் முதல் தேர்வு சாதாரண ஹாலஜன் ரிஃப்ளெக்டர் பல்பு. சூரியனிடமிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரில் கணிசமான பங்கு குறைந்த அலைநீளம் கொண்டது. அது தோலோடு நிற்காமல் உள்ளே தசை வரை இறங்கிச் சூடேற்றும். வீட்டில் பயன்படுத்தும் விளக்குகளில் இதற்கு நெருங்கி வருவது ஹாலஜன்தான். அதோடு வெளிச்சமும் சேர்ந்து வருகிறது. பகலில் திரியும் ஓணான் இனங்களுக்கு வெளிச்சம் எங்கேயோ சூடும் அங்கேதான் என்பது பழக்கம். விளக்கைப் பார்த்ததும் அதன் அடியில் போய் உட்கார்ந்துவிடும். எல்இடி வந்தபிறகு இந்த ஹாலஜன் எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. கிடைக்காவிட்டால் பழைய குண்டு பல்பே போதும். கோழிக்குஞ்சுக்குச் சூடு காட்ட வாங்குகிறார்கள் என்பதால் கடலூர்ப் பக்கம் சில எலக்ட்ரிக்கல் கடைகளில் 60 வாட், 100 வாட் இன்னும் வைத்திருக்கிறார்கள். அலுமினியக் குடை ஒன்றைச் சேர்த்து மாட்டினால் சூடு சிதறாமல் கீழே விழும். "ரெப்டைல்" என்று அட்டையில் அச்சடித்த பல்புக்குப் பல மடங்கு விலை கொடுப்பதில் சூட்டைப் பொறுத்தவரை தனி லாபம் எதுவும் இல்லை. எல்இடி பல்பு மட்டும் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது, அதில் கீழே விழும் சூடு கிடையாது.

செராமிக் ஹீட்டர் என்பது வெளிச்சமே தராமல் சூடு மட்டும் தருவது. குளிர்நாடுகளில் இரவில் கூண்டின் காற்றைச் சூடாக வைக்க அதைப் பயன்படுத்துகிறார்கள். நம் ஊரில் இரவுக்கு ஹீட்டரே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நன்றாக இருக்கும் வளர்ந்த விலங்குக்கு நம் இரவு 24, 26 டிகிரி தாராளம். இயற்கையிலும் ராத்திரி குளிரத்தான் செய்கிறது. நோயுற்ற விலங்கு, பிறந்து சில நாளே ஆன குஞ்சு, தொடர் அடைமழை ஆகிய நேரங்களுக்கு மட்டும் செராமிக்கை எடுத்து மாட்டலாம். அதன் மேற்பரப்பு 200 டிகிரியைத் தாண்டிவிடும். எரிகிறதா இல்லையா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது என்பதால் கையும் சுடும், பாம்பும் போய்ச் சுற்றிக்கொள்ளும்.

இரவுக்கு என்று விற்கிற சிவப்பு பல்பு, நீல பல்பு இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். ஊர்வனவற்றுக்குச் சிவப்பு தெரியாது என்று கடையில் சொல்வார்கள். பகலில் திரியும் பல்லிகளுக்குச் சிவப்பு நன்றாகவே தெரியும், தூக்கம் கெடும். சூடேறும் செயற்கைக் கல்லும் வேண்டாம். பல ஊர்வனவற்றுக்கு அடிவயிறு வெந்துபோகிற அளவு சூட்டிலும் விலக வேண்டும் என்ற உணர்வு உடனே வருவதில்லை. தீக்காயத்தோடு மருத்துவரிடம் வரும் ஊர்வனவற்றில் சூட்டுக் கல், ஹீட் பேட், வலைக்கூடு இல்லாத பல்பு ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். பல்பு கூண்டுக்கு உள்ளே இருந்தால் அதைச் சுற்றிக் கம்பிவலைக் கூடு கட்டாயம். மேலே, வலைக்கு வெளியே தொங்கவிட முடிந்தால் அதுவே மேல்.

விளக்கைவிட அதிகம் பேர் கோட்டைவிடுவது ஹோல்டரில். நம் வீடுகளில் இருப்பது பின் ஹோல்டர். ஊர்வனவற்றுக்கான பல்புகள் பெரும்பாலும் மரை போட்டுத் திருகும் ஈ27 வகை. உடனே பத்து இருபது ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் கன்வெர்ட்டர் வாங்கிச் செருகிவிடுகிறோம். பல மணி நேரம் தொடர்ந்து எரியும் 100 வாட் பல்பின் சூடு மேலே ஏறி அந்தப் பிளாஸ்டிக்கில்தான் சேரும். முதலில் நிறம் பழுக்கும், அப்புறம் கருகல் வாசனை வரும், பிறகு விரிந்து பல்பு கழன்று விழும். கீழே காய்ந்த தேங்காய் நார்ப் படுக்கை இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பீங்கான் ஹோல்டர், அதுவும் திருகு வகை, எலக்ட்ரிக்கல் கடையில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். இந்த ஒரு பொருளில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இந்த ஊருக்கே உரிய ஒரு விஷயம்: பல குடும்பங்களுக்குப் பிரான்ஸில் சொந்தம் உண்டு. அங்கிருந்து வருபவர்களிடம் சொல்லி பல்போ யூவிபி (புறஊதாக் கதிர்) குழலோ வாங்கிவரச் சொன்னால் கவலை இல்லை. அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், ஈ27 திருகு. அமெரிக்காவிலிருந்து வரும் பல்பு 120 வோல்ட்டுக்குச் செய்தது. இங்கே மாட்டிய கணமே போய்விடும், சில சமயம் வெடித்தே போகும்.

எத்தனை வாட்? கூண்டின் அளவு, பல்பின் உயரம், அறையின் வெப்பம் எல்லாம் சேர்ந்து முடிவாவது என்பதால் ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. நம் ஊரில் நான்கடி நீளக் கூண்டுக்கு 50 அல்லது 60 வாட்டில் தொடங்கி, அளந்து பார்த்து, போதாவிட்டால் மட்டும் கூட்டுவது நல்லது. காயும் இடமாக ஒரு கடப்பாக்கல் துண்டு வையுங்கள். தரைக்குப் போடும் கல்தான். கடைகளில் உடைசல் சும்மாவே கிடைக்கும். கறுப்பு நிறம் சூட்டை வாங்கிக்கொள்ளும், கனம் இருப்பதால் விளக்கை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் தோசைக்கல் மாதிரி சூட்டைப் பிடித்துவைத்திருக்கும். அதனாலேயே மெதுவாகத்தான் சூடேறும். விளக்கு போட்டு ஒரு மணி நேரம் கழித்து அளந்தால்தான் சரியான கணக்கு கிடைக்கும். மரத்தில் ஏறிக் காயும் இகுவானாவுக்குக் கல்லுக்குப் பதில் அதன் உடம்பைவிட அகலமான வேப்பங்கிளை வையுங்கள்.

அளப்பதைப் பற்றி. கண்ணாடியில் ஒட்டும் வட்ட முள் மீட்டரை நம்பாதீர்கள்; அது காட்டுவது கண்ணாடிச் சுவரின் சூடு, அதையும் சரியாகக் காட்டுவதில்லை. இரண்டு கருவிகள் வேண்டும். காய்கிற கல்லின் மேற்பரப்பை அளக்க அகச்சிவப்புத் துப்பாக்கி வகைத் தெர்மாமீட்டர். குளிர்ந்த பக்கக் காற்றை அளக்க ஒயரில் சென்சார் உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர். துப்பாக்கியை அருகில் பிடித்து நேராகக் கல்லைக் குறிவைக்க வேண்டும். கண்ணாடிக்கு வெளியிலிருந்து குறிவைத்தால் கண்ணாடியின் சூட்டைத்தான் சொல்லும். பளபளக்கும் அலுமினியத்தைக் குறிவைத்தால் பொய் சொல்லும். ஒயர் சென்சார் சரியாக இருக்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம்: ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ் போட்டு, அது முழுகக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, சென்சாரை நடுவில் பிடித்தால் 0 காட்ட வேண்டும். 2 காட்டினால் எப்போதும் 2ஐக் கழித்துக்கொள்ளுங்கள்.

இப்போது தெர்மோஸ்டாட். மூன்று வகை இருக்கின்றன. ஆன்-ஆஃப் வகை, அளவு எட்டியதும் மின்சாரத்தை நிறுத்தி, குறைந்ததும் மறுபடி தரும். டிம்மிங் வகை, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து ஒரே சீராக வைத்திருக்கும். பல்ஸ் வகை, சின்னச் சின்னத் துடிப்புகளாக மின்சாரம் அனுப்பும். செராமிக்குக்கும் ஹீட் பேடுக்கும் சரி, பல்புக்குச் சரிவராது, மின்னிக்கொண்டே இருக்கும். பல்புக்கு டிம்மிங்தான் சிறந்தது. ஆனால் ஊர்வனவற்றுக்கென்றே செய்த டிம்மிங் தெர்மோஸ்டாட் இறக்குமதிச் சரக்கு, விலை அதிகம். இங்கே எல்லோரும் வாங்குவது முட்டை இன்குபேட்டருக்காக விற்கப்படும் மலிவு கன்ட்ரோலர்கள்: எஸ்டிசி-1000, எக்ஸ்ஹெச்-டபிள்யூ3001 போன்றவை. இவை ஆன்-ஆஃப் வகை. டபிள்யூ1209 என்று ஒரு திறந்த சர்க்யூட் பலகையும் விற்கிறார்கள். அது 12 வோல்ட்டில் ஓடுவது, தனி அடாப்டர் வேண்டும், மூடி இல்லாமல் வீட்டில் வைப்பது சரியில்லை.

இந்த மலிவு கன்ட்ரோலர்களைக் கேவலமாக நினைக்க வேண்டாம். இருக்கும் இடமும் செய்யும் வேலையும் சரியாக இருந்தால் நன்றாகவே உழைக்கும். வழக்கமாக இதன் சென்சாரைக் காயும் கல்லில் வைத்து, 38இல் அணை, 36இல் போடு என்று அமைக்கிறார்கள். அப்படிச் செய்தால் நாள் முழுக்க விளக்கு அணைந்து அணைந்து எரியும். விலங்கு குழம்பும், பல்பின் ஆயுளும் குறையும். அதைவிட மோசம், சென்சார் ஒயரை இகுவானா வாலால் தள்ளிவிட்டால் அது குளிர்ந்த மூலையில் போய் விழும். இன்னும் சூடு போதவில்லை என்று நினைத்து விளக்கை அணைக்கவே அணைக்காது.

நான் பரிந்துரைக்கும் முறை வேறு. காயும் இடத்தின் சூட்டை ஒரு கைத் திருகு டிம்மரால் அமையுங்கள். சுவரில் மாட்டும் லைட் டிம்மர் போதும், பல்பின் வாட்டைத் தாங்கும் அளவாக இருந்தால் சரி. மின்விசிறி ரெகுலேட்டரை அதற்குப் பயன்படுத்தக் கூடாது. துப்பாக்கியால் அளந்து, திருகி, கல் வேண்டிய சூட்டுக்கு வந்ததும் விட்டுவிடுங்கள். கன்ட்ரோலரின் சென்சாரைக் குளிர்ந்த பக்கத்தில், விளக்கின் கதிர் நேராகப் படாத நிழலில், விலங்கின் முதுகு உயரத்தில் கட்டுங்கள். அந்தப் பக்கம் 31 டிகிரியைத் தொட்டால் விளக்கு அணைய வேண்டும், 29க்கு இறங்கினால் எரியலாம் என்று அமையுங்கள். மின்சாரம் முதலில் கன்ட்ரோலருக்கு, அங்கிருந்து டிம்மருக்கு, பிறகு பல்புக்கு. இப்படிச் செய்தால் மார்கழியில் விளக்கு காலை முதல் மாலை வரை சீராக எரியும். மே மாதத்தில் காலை ஒன்பது, பத்து மணிக்கே குளிர்ந்த பக்கம் எல்லையைத் தாண்டும், விளக்கு தானாக அணைந்துவிடும். கடல்காற்று வந்து அறை குளிர்ந்தால் மறுபடி எரியும், குளிராவிட்டால் அன்று முழுக்க அணைந்தே இருக்கும். ஒதுங்க இடம் இருக்கிறவரைதான் சூடு என்பதைக் கருவியே பார்த்துக்கொள்ளும். காற்றின் வெப்பம் மெதுவாக மாறுவதால் விளக்கு மின்னவும் செய்யாது.

சென்சாரை டேப் போட்டு ஒட்டாதீர்கள். சூட்டில் பசை இளகும், விலங்கின் தோலில் ஒட்டினால் உரிந்துவிடும். கேபிள் டை போதும்.

ரிலே பற்றியும் ஒரு வார்த்தை. இந்தக் கன்ட்ரோலருக்குள் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான ரிலேயின் இரண்டு உலோக முனைகள் தேய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போவது உண்டு. அப்போது திரையில் "அணைந்திருக்கிறது" என்று காட்டும், விளக்கோ எரிந்துகொண்டே இருக்கும். நம் கடற்கரை உப்புக்காற்று இதை விரைவுபடுத்தும். முத்தியால்பேட்டையிலோ தேவனாம்பட்டினத்திலோ கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் ஹோல்டரின் பித்தளைத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் பச்சையாகக் களிம்பு ஏறியிருப்பது தெரியும்; ரிலேயின் முனைகளுக்கும் அதே காற்றுதான். மாதம் ஒருமுறை சென்சாரைக் கைக்குள் பொத்திச் சூடாக்கி, விளக்கு உண்மையிலேயே அணைகிறதா என்று பாருங்கள். கை வைத்தால் 31ஐத் தாண்டிவிடும், அரை நிமிட வேலை. முடிந்தால் இரண்டாவது கன்ட்ரோலர் ஒன்றை வரிசையில் சேர்த்து, அதன் சென்சாரைக் காயும் இடத்தில் வைத்து, பியர்டெட் டிராகனென்றால் 44இல், இகுவானாவென்றால் 41இல் துண்டிக்கும்படி வைத்துவிடுங்கள். இரண்டும் ஒரே நாளில் பழுதாவது அரிது.

செங்காது ஆமை வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது தண்ணீர். ஆமை குதித்தால் தெறிக்கும் துளி சூடான ஹாலஜனில் பட்டால் கண்ணாடி சிதறும். பல்பு ஒன்றரை அடி உயரத்தில், குடைக்குள் இருக்கட்டும். வீட்டின் மின்பலகையில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். தண்ணீரும் மின்சாரமும் பக்கத்தில் இருக்கும் இடத்தில் அது இல்லாமல் இருக்கக் கூடாது. தண்ணீருக்கான ஹீட்டர் நம் ஊரில் பெரும்பாலும் தேவையே இல்லை. அப்புறம், ஆமை பெரிதாகிவிட்டது என்று ஊசுட்டேரியிலோ கோயில் குளத்திலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். அது வெளிநாட்டு இனம், இங்கே இருக்கும் ஆமைகளின் உணவையும் இடத்தையும் பிடுங்கிக்கொள்ளும்.

சூட்டோடு சேர்த்துப் பேச வேண்டியது யூவிபி. எலும்புக்குக் கால்சியம் சேர வைட்டமின் டி3 வேண்டும், அதைத் தோல் தயாரிக்க யூவிபி வேண்டும். ஹீட் லாம்ப்பில் அது கிடையாது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலிலும் கிடையாது, கண்ணாடி அதைத் தடுத்துவிடும். யூவிபி குழலை வாங்கினால் காயும் இடத்துக்கு மேலேயே, ஹாலஜனோடு சேர்த்து மாட்ட வேண்டும். சூட்டுக்கு ஒரு மூலை, யூவிபிக்கு வேறு மூலை என்று பிரித்தால் பயனில்லை. ஆனால் இந்த விஷயத்தில் நம் ஊர் கொடுத்துவைத்த ஊர். மொட்டைமாடியில் காலை எட்டு மணி வாக்கில் அரை மணி நேரம், பாதி நிழல் உள்ள கம்பிவலைக் கூண்டில், நீங்கள் பக்கத்திலேயே இருந்து காட்டும் வெயிலுக்கு எந்தக் குழலும் ஈடாகாது. கண்ணாடித் தொட்டியோடு மட்டும் மாடிக்குத் தூக்கிப் போகாதீர்கள். சில நிமிடத்தில் உள்ளே சூடு ஏறி உயிர் போய்விடும்.

மே மாதத்தை எப்படிச் சமாளிப்பது என்பது தனிக் கவலை. புதுச்சேரியில் சூடு உச்சத்துக்குப் போவது கடல்காற்று வருவதற்குச் சற்று முன்பு, நண்பகலை ஒட்டி. காற்று தாமதமாகும் நாளில்தான் 40ஐத் தொடுகிறது. அந்த நாட்களில் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றில் ஈரம் வேகமாக உலரும், ஆகவே ஈரப்பானை உத்தி நன்றாக வேலை செய்யும். வில்லியனூர் மண்பானை ஒன்றைக் கவிழ்த்து, வாய்ப்பக்கம் ஒரு வழி உடைத்து, மேலே ஈரத்துணி போட்டுக் குளிர்ந்த மூலையில் வைத்தால் உள்ளே சில டிகிரி குறையும். கடல்காற்று வந்து காற்றில் ஈரம் கூடிய பிறகு இந்த உத்தி அவ்வளவாகப் பலிக்காது. அப்போது துணி சுற்றிய ஐஸ் பாட்டிலை வலைமேல் வைக்கலாம். கண்ணாடித் தொட்டியைவிடப் பக்கங்களில் கம்பிவலை வைத்த மரக் கூண்டு நம் ஊருக்கு ஏற்றது என்பது இந்த இரண்டு மாதங்களில் தெளிவாகத் தெரியும். பியர்டெட் டிராகன் விளக்கின் அடியில் வாயைத் திறந்து வைத்திருந்தால் பதற வேண்டாம், மிஞ்சிய சூட்டை அப்படித்தான் வெளியேற்றும். குளிர்ந்த மூலையில் ஒதுங்கியும் வாயைத் திறந்திருந்தால் உடனே விளக்கை அணைத்து, அதை வேறு அறைக்கு மாற்றுங்கள். அதன்பிறகும் சோர்ந்து கிடந்தால் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். குருமாம்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

மழைக்காலத்தில் விளக்குக்கு இன்னொரு உபயோகம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நிற்கும். வறண்ட நாட்டு பியர்டெட் டிராகனுக்கு இதில் நுரையீரல் தொற்று எளிதாக வரும். 28 டிகிரியில் 80 சதவீத ஈரத்தோடு இருக்கும் காற்றை 35 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் சுமார் 54 சதவீதமாகக் குறையும். காற்றில் உள்ள தண்ணீர் அதேதான், சூடான காற்றால் அதிகம் தாங்க முடிகிறது. ஆகவே அடைமழை நாளில் விளக்கைச் சற்று அதிக நேரம் எரியவிடலாம். 100 வாட் பல்பு தினம் பத்து மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட், மாதம் 30 யூனிட். 50 வாட்டென்றால் அதில் பாதி.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நட்சத்திர ஆமை, உடும்பு, நம் மலைப்பாம்பு இவற்றை வீட்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விளக்கு எப்படி வைத்தாலும் அது மாறாது. இகுவானா, பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு இனங்கள் சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தம்) பட்டியலில் இருப்பதால், 2024இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். வாங்குமுன் விற்பவரிடம் பதிவுக் காகிதத்தைக் கேளுங்கள்.

கடைசியாக, புயல். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே ‘தானே’ புயல் கரையைக் கடந்த பிறகு கடலூர் மாவட்டத்தின் பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. இந்த ஊரில் ஊர்வன வளர்ப்பவர் மின்வெட்டுக்குத் தயாராகத்தான் இருக்க வேண்டும். நல்ல செய்தி, நம் மழைக்கால வெப்பத்தில் சில நாள் விளக்கு இல்லாவிட்டாலும் ஆரோக்கியமான விலங்கு சாகாது. இன்வெர்ட்டர் இருந்தால் 150 ஏஎச் பேட்டரியில் 50 வாட் பல்பு ஒரு பகல் முழுக்க எரியும். இல்லாவிட்டால் வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிக் கூண்டின் ஒரு பக்கம் வைத்து, அது ஆற ஆற மாற்றினால் போதும்.

ஆபத்து மின்சாரம் திரும்பி வரும்போதுதான். காற்றில் ஆடிய விளக்கு சாய்ந்திருக்கலாம், திரைச்சீலை மேலே விழுந்திருக்கலாம், வோல்டேஜ் தாறுமாறாக இருக்கலாம். மின்சாரம் போனதுமே கூண்டின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். முள் வைத்துத் திருகும் டைமர் வைத்திருந்தால் மின்சாரம் இல்லாத நேரம் முழுக்க அது நின்றுபோயிருக்கும். எட்டு மணி நேர வெட்டுக்குப் பிறகு அது மாலையைக் காலை என்று நினைத்து நள்ளிரவு தாண்டியும் விளக்கை எரியவிடும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமருக்கு இந்தத் தொல்லை இல்லை. கன்ட்ரோலரின் எண்கள் மாறாமல் இருக்கின்றனவா என்றும் பார்த்துவிட்டுப் பிளக்கைச் செருகுங்கள். விளக்கு இல்லாத நாட்களில் உணவு வைக்க வேண்டாம், தண்ணீர் மட்டும் போதும். மின்சாரம் வந்து, கல் பழைய சூட்டுக்கு ஏறி, அது ஒரு பகல் முழுக்கக் காய்ந்த பிறகு, மறுநாள் காலையில் கொஞ்சமாகத் தீவனம் வையுங்கள்.